முள்ளுக்கத்தரியில் தொடங்கும் முகம்: காட்பாடியில் ஓர் ஓவிய வகுப்பு

காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஞாயிறுதோறும் காலை ஏழு மணி முதல் ஒன்பதரை மணி வரை ஓர் ஓவிய வகுப்பு நடக்கிறது. அங்கே மனித முகம் வரைய மட்டுமே கற்றுத் தருகிறார்கள். இயற்கைக் காட்சியோ கோலமோ தஞ்சாவூர் ஓவியமோ கிடையாது. இராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் நான், ஓவியத்தைத் தொழிலாக்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல், எதிரில் இருப்பவரைப் பார்த்து வரையத் தெரிய வேண்டும் என்ற ஆசையோடு மட்டும் நாற்பத்து மூன்று வயதில் அதில் சேர்ந்தேன். ஏழு மாதங்கள் முடிந்துவிட்டன. சேர்க்கைக் கட்டணம் 500 ரூபாய், மாதக் கட்டணம் 1,200 ரூபாய் கொடுத்துவருகிறேன். அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதை என்னைப் போன்ற வயதில் பென்சிலைக் கையில் எடுக்கத் தயங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆசிரியர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் பெயரையோ வகுப்பின் பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன்.

இதற்கு முன் இணையத்தில் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டி நான்கு மாதங்கள் வீணாக்கியவன் நான். புகைப்படத்தின் மீது கட்டங்கள் போட்டு, அதே கட்டங்களைத் தாளிலும் போட்டு, ஒவ்வொரு கட்டமாகப் பெயர்த்து எழுதுவதுதான் அங்கே சொல்லித் தரப்பட்ட முழு வித்தை. கட்ட முறை தவறானது என்று நான் சொல்லவில்லை. சுவர் ஓவியம் தீட்டுகிறவர்களும் விளம்பரப் பலகை எழுதியவர்களும் சிறிய படத்தைப் பெரிதாக்க அதைத்தான் நம்பினார்கள். ஆனால் முகத்தைக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அது மட்டுமே தரப்பட்டால், கண் எங்கே அமைகிறது, ஏன் அங்கே அமைகிறது என்ற கேள்வி அவனுக்குள் எழுவதே இல்லை. நடிகர்களின் படங்களை அச்சு அசலாக வரைந்து வீட்டாரிடம் பாராட்டு வாங்கிய நான், எதிரில் உட்கார்ந்த என் மகளைப் பார்த்து வரைய முயன்றபோது ஒரு கோடுகூட உருப்படியாக விழவில்லை. கண்ணெதிரே இருக்கும் முகத்தில் கட்டங்கள் இல்லை.

காட்பாடி வகுப்பில் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் முகமே கிடையாது. மாணவர் ஒவ்வொருவர் முன்பும் ஒரு கத்தரிக்காய் வைக்கப்படும். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்தில் உள்ள இலவம்பாடியில் விளையும் முள்ளுக்கத்தரிக்காய் அது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற, வேலூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அதே காய்தான். மற்ற இடங்களில் தொடக்க மாணவருக்கு முட்டையையோ வெள்ளைப் பந்தையோ தருவார்கள். அதனால் கத்தரிக்காயைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஏமாற்றமாகவே இருந்தது. இரண்டாவது வாரம் முடியும்போதுதான் அந்தத் தேர்வுக்குப் பின்னால் எத்தனை ஆண்டு யோசனை இருக்கிறது என்று புரிந்தது.

வெள்ளைப் பொருளை வரையும்போது தாளின் வெண்மையே பொருளின் நிறமாகிவிடுகிறது. நிழல் விழும் இடத்தில் மட்டும் பென்சிலைத் தேய்த்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைக் காணொளிகளில் வரையப்படும் முகங்கள் வெளுத்த தோல் உடையவை என்பதால், அவற்றைப் பார்த்துப் பழகியவரின் கையும் அதே வழக்கத்தில் ஊறிவிடுகிறது. அந்தக் கையோடு நம் ஊர் மாநிற முகத்தையோ கறுத்த முகத்தையோ வரைய உட்கார்ந்தால், முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வந்து நிற்கும். அதைச் சரிசெய்வதாக நினைத்து முழுவதும் ஒரே சீராகக் கறுப்பைத் தேய்த்தால் கரி பூசியதுபோல் ஆகிவிடும். இந்த இரண்டு தவறுகளையும் நான் பல மாதங்கள் செய்திருக்கிறேன். ஊதாத் தோல் பளபளக்கும் கத்தரிக்காயில் தாளின் வெண்மைக்கு வேலை மிகக் குறைவு. சன்னல் வெளிச்சம் நேராகத் தெறிக்கும் ஒரு சிறு கீற்று மட்டும்தான் வெள்ளை. அதைச் சுற்றி இடைப்பட்ட சாயல், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவிலான சாம்பல் நிறம். பிறகு அடர்ந்த நிழல். அந்த நிழலுக்கும் விளிம்புக்கும் நடுவே, மேசை விரிப்பிலிருந்து திரும்பி வரும் மெல்லிய ஒளி. இந்தக் கடைசி ஒளியைக் காணத் தவறினால் காய் தட்டையாகிவிடும். அதைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கினாலோ காயின் உருண்டை உடைந்துபோகும்.

மூன்றாவது வாரம் ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளைஞரை நாற்காலியில் அமர வைத்து, "கத்தரிக்காய்ல எங்க வெள்ள விட்டீங்களோ, அத இவர் நெத்தியில தேடுங்க சார்" என்றார். நெற்றியின் மேட்டில் ஒன்று, மூக்கின் தண்டில் ஒன்று, கன்ன எலும்பின் மேல் ஒன்று, கீழுதட்டில் ஒரு புள்ளி, அவ்வளவுதான் வெள்ளை. மீதி முகம் முழுவதும் முதலில் ஒரு மெல்லிய சாயல் பூசப்பட வேண்டும் என்பதை அன்றுதான் கை ஏற்றுக்கொண்டது. வேலூர் வெயிலில் வியர்த்த முகம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குவது ஓவியனுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதும் அன்றுதான் தெரிந்தது. கறுத்த தோலில் ஒளிக்கீற்றுகள் கூர்மையாக விழுவதால் எலும்பின் அமைப்பு தானாகவே தெரிந்துவிடுகிறது. அவர் நெற்றியில் இருந்த விபூதிப் பட்டைக்காகத் தாளில் வெள்ளை விட்டுவைக்க வேண்டியதில்லை. சாயல் பூசிய பிறகு, பிசையும் ரப்பரைத் தட்டையாக்கி ஒற்றி எடுத்தால், பழைய பட்டையைப் போல் ஓரம் கலைந்து அழகாக வருகிறது. இந்த ஒரு வகுப்புக்காக மட்டுமே ஏழு மாதக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

கருவிகளைப் பற்றி ஆசிரியர் சொல்வது குறைவு. ஆனால் சொல்வதைத் தெளிவாகச் சொல்கிறார். பென்சிலுக்குள் இருப்பது காரீயம் அன்று, கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. 1795இல் பிரான்சில் கோந்தே என்பவர் கண்ட வழி இது. களிமண் கூடினால் எச் வரிசையின் கடினம். கிராஃபைட் கூடினால் பி வரிசையின் மென்மையும் கறுப்பும். எச்பி, 2பி, 4பி, 6பி ஆகிய நான்கும், 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) எடையுள்ள கார்ட்ரிட்ஜ் என்ற தடித்த ஓவியத் தாளும், ஒரு பிசையும் ரப்பரும் இருந்தால் ஓராண்டுக்குக் கவலை இல்லை. அப்சரா, கேம்லின் போன்ற உள்நாட்டுப் பென்சில்களையே அவர் பரிந்துரைக்கிறார். நான் சேருவதற்கு முன்பு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில் இருபத்து நான்கு பென்சில்கள் அடங்கிய பகட்டான பெட்டி ஒன்றை வாங்கியிருந்தேன். சீவச் சீவ உள்ளேயே முறிந்த முனைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. பாதிப் பென்சில்கள் குப்பைக்குத்தான் போயின. கறுத்த முடிக்கு எத்தனை மென்மையான கிராஃபைட்டைத் தேய்த்தாலும் அது கறுப்பாவதற்குப் பதிலாக மினுங்கத் தொடங்கும் என்பதும், அங்கே கரிப் பென்சில்தான் தேவை என்பதும் வகுப்பில் கற்றவை. கிராஃபைட் ஏறிய வழவழப்பின் மேல் கரி சரியாக ஒட்டாது என்பதால் முடி, புருவம் போன்ற இடங்களை முன்கூட்டியே முடிவுசெய்து, அங்கே முதலிலிருந்தே கரியைப் பயன்படுத்த வேண்டும். இதை அவர் சொல்லியும் கேட்காமல் ஒரு நல்ல படத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

அளவுகளைக் கற்றுத் தரும் விதம்தான் இந்த வகுப்பின் மற்றொரு பலம். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரையுள்ள உயரத்தில் கண்கள் சரிபாதியில் அமைகின்றன. புதிதாக வரைகிறவர்கள் அநேகமாக எல்லாருமே கண்களை மேலே ஏற்றிவிடுவதற்குக் காரணம், நம் கவனம் முழுவதும் கண், மூக்கு, வாய் ஆகியவற்றிலேயே தங்கி, மண்டையோட்டின் பெரும் பரப்பை மறந்துவிடுவதுதான். இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் ஒரு நூலை எடுத்து, உச்சி முதல் முகவாய் வரை அளந்து, இரண்டாக மடித்துக் காட்டுவார். மடிப்பு கண்ணுக்கு நேராக வந்து நிற்பதைப் பார்த்த பிறகு எவருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. குழந்தைகளுக்கு அந்த மடிப்பு கண்ணுக்கு மேலே நிற்கும். அவர்களுடைய கண்கள் பாதிக்குக் கீழேதான் இருக்கின்றன. முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் நீளம். இரு கண்களுக்கு நடுவே ஒரு கண் இடைவெளி. காது புருவத்தில் தொடங்கி மூக்கடியில் முடியும்.

இவை எந்தப் பயிற்சி நூலிலும் கிடைப்பவைதான். ஆனால் மாதம் ஒரு முறை மாணவர்களை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்று, கல்யாண மண்டபத்துத் தூண் சிற்பங்களுக்கு முன்னால் நிறுத்தி இதையே மறுபடியும் அவர் விளக்குவதை வேறெங்கும் நான் கண்டதில்லை. நம் சிற்ப நூல்களின் நவதால அளவில், உருவத்தின் உயரம் முகத்தின் நீளத்தைப் போல் ஒன்பது மடங்கு. அந்த முக நீளமே ஒரு தாலம், அது பன்னிரண்டு அங்குலம். ஆகவே உருவம் 108 அங்குலம். அந்த அங்குலம் அளவுகோலில் உள்ள இன்ச் அன்று, உருவத்தின் அளவிலிருந்தே பிரித்துக்கொள்ளும் பங்கு. முகத்தின் பன்னிரண்டு பங்கில் முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம் வரை நான்கு, புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை நான்கு, அங்கிருந்து முகவாய் வரை நான்கு. கண்கள் பாதியில் அமைகின்றன என்ற விதியையும் முகம் மூன்று சம பங்கு என்ற விதியையும் நான் வெகுநாள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். முதலாவது உச்சந்தலையிலிருந்து எண்ணப்படுகிறது, இரண்டாவது முடியின் ஓரத்திலிருந்து எண்ணப்படுகிறது என்ற எளிய வேறுபாடு, விஜயநகரக் காலத்துத் தூண் ஒன்றின் முன்னால் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.

விதி எங்கே உடைகிறது என்பதையும் அவர் மறைப்பதில்லை. ஐந்தாவது மாதம் என் அம்மாவை வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து வரைந்து எடுத்துச் சென்றேன். மூக்கும் கண்ணும் அவருடையவையே. ஆனால் படத்தில் இருந்தவர் அம்மாவின் தங்கையைப் போல் இருந்தார். ஆசிரியர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அம்மாவுக்குப் பல்லு இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார். பெரும்பாலான பற்கள் விழுந்து ஆண்டுகள் பல ஆகின்றன. பற்கள் போனபின் தாடை மேலேறி, மூக்குக்கும் முகவாய்க்கும் இடைப்பட்ட பங்கு குறுகிவிடுகிறது. நானோ சிற்பத்துக்கு உரிய நான்கு பங்கை அப்படியே வைத்திருந்தேன். மறுநாள் மாலை, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூக்கடியிலிருந்து முகவாய் வரை கட்டை விரலால் குறித்து அளந்தேன். ஏறக்குறைய மூன்று பங்குதான் இருந்தது. அந்த ஒரு பங்கைக் குறைத்ததும் தாளில் அம்மா வந்துவிட்டார். உதட்டோரத்தில் இரண்டு சுருக்கங்கள் தவிர வேறு எதையும் நான் சேர்க்கவில்லை.

கோயிலுக்குப் போகும் நாட்களில் திரும்பும் வழியில் கோட்டைப் பூங்காவில் ஒரு மணி நேரம் நேரடிப் பயிற்சி உண்டு. வேலூருக்கு மருத்துவத்துக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வாரக்கணக்கில் வந்து தங்குகிறவர்கள் காலையில் அங்கே காற்று வாங்க உட்கார்ந்திருப்பார்கள். வேறு எந்தச் சிறு நகரத்திலும் இத்தனை விதமான நெற்றிகளையும் கன்னங்களையும் ஒரே காலையில் பார்த்துவிட முடியாது. இங்கே ஆசிரியரின் விதி மிகக் கண்டிப்பானது. கேட்காமல் எவரையும் வரையக்கூடாது. மருத்துவமனை வாசலிலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் நோட்டையே வெளியே எடுக்கக்கூடாது. இந்த விதிக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

அப்படி ஒரு நாள் வங்காள மூதாட்டி ஒருவர், மகன் இந்தியில் எடுத்துச் சொன்னபின் சிரித்துக்கொண்டே சம்மதித்து, வெள்ளைச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு இருபது நிமிடங்கள் அசையாமல் உட்கார்ந்தார். முகவாயில் ஒரு பெரிய மச்சம் இருந்தது. மரியாதை என்று எண்ணி அதை நான் விட்டுவிட்டேன். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர், மகனிடம் எதுவும் சொல்லாமல் தம் முகவாயையும் தாளையும் மாறி மாறி விரலால் தொட்டுக் காட்டினார். மச்சத்தை வைத்தேன். அதன் பிறகே தாளை மடித்து, மருத்துவச் சீட்டுகள் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார்.

வரையும் வரிசையிலும் இந்த வகுப்புக்கு என்று ஒரு பிடிவாதம் உண்டு. முதல் மூன்று மாதங்கள் கண்ணுக்கு இமையும் பாவையும் வரையக்கூடாது; கண்குழியின் நிழலை மட்டும்தான் இட வேண்டும். "மூக்க வரையாதீங்க, மூக்குக்குக் கீழ விழுற நிழல வரைங்க, மூக்கு தானா வரும்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். கரிகிரி மண்பாண்டக்காரர் ஒருவரிடம் சொல்லிச் செய்த, வளைவுகளே இல்லாமல் பட்டைப் பட்டையாகச் சீவிய களிமண் தலை ஒன்று மேசையில் இருக்கிறது. எந்தப் பட்டை ஒளியைப் பார்க்கிறது, எந்தப் பட்டை திரும்பி நிற்கிறது என்பதை அதில் பார்த்துப் பழகிய பிறகே மனித முகத்துக்கு அனுப்புகிறார். முடிந்த படத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொல்வார். இடவலம் மாறியவுடன், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். புகைப்படம் பார்த்து வரைவதை அவர் தடுப்பதில்லை. ஆனால் கைநீளத்தில் எடுத்த செல்ஃபியை ஏற்பதில்லை. அத்தனை அருகிலிருந்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கிவிடுகின்றன. ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்த படம்தான் வேண்டும். சுவரில் ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களின் நகல்களை ஒட்டி வைத்திருக்கிறார். சாயல் பூசக் கற்றவன் கடைசியில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று அறிய வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. கூரைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு டியூப் லைட்டுகள் எரிகின்றன. இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் நிழல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும் என்று சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே அந்தத் தவறு நடப்பது வருத்தமாக இருக்கிறது. கிழக்குப் பக்கத்தில் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கு மட்டும் நல்ல ஒளி. ஒரு விளக்கை அணைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டேன். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தாள் தெரியாது என்ற பதில் நியாயமானதே என்றாலும், ஒரே பக்கத்தில் வைக்கக்கூடிய பெரிய விளக்கு ஒன்றை வாங்க இத்தனை மாதங்கள் ஆகியிருக்க வேண்டியதில்லை. நான் சேர்ந்தபோது பதினொரு பேர் இருந்தோம். இப்போது பத்தொன்பது பேர். ஒருவருக்கு வாரம் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் அவரால் ஒதுக்க முடிவதில்லை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் எழுதப்போகும் பிள்ளைகளையும் எங்களோடு சேர்த்ததால், தேர்வு நெருங்கும் மாதங்களில் அவர்களுக்கே நேரம் போய்விடுகிறது. சித்திரை, வைகாசியில் தகரக் கூரை எப்படி இருக்கும் என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரல் வியர்வை பட்டு கிராஃபைட் திட்டுத் திட்டாகிவிடும் என்பதால் கைக்கு அடியில் வைக்க ஒரு தாள் கட்டாயம் வேண்டும். தவறவிட்ட வகுப்புக்கு ஈடு கிடையாது, எழுத்துக் குறிப்புகளும் தரப்படுவதில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்த முகத்தை வரைவது பற்றி இந்த ஏழு மாதங்களில் ஒரு வகுப்புகூட நடக்கவில்லை. எங்களில் பாதிப் பேர் கண்ணாடி அணிந்தவர்கள் என்பதால் இதை ஒரு குறையாகவே பதிவுசெய்கிறேன்.

வண்ணத்தில் வரையவோ, திருமணப் பரிசாகப் புகைப்படங்களைப் படமாக்கிச் சம்பாதிக்கவோ விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பு உதவாது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் நான் இங்கே சேர்க்கச் சொல்லமாட்டேன். கத்தரிக்காயோடு இரண்டு வாரம் உட்கார அவர்களுக்குப் பொறுமை இருக்காது. வீட்டில் இருப்பவர்களின் முகங்களை, அவர்களுடைய நிறத்தோடும் சுருக்கத்தோடும், பார்த்தபடி தாளில் கொண்டுவர வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்களுக்கு, மேலே சொன்ன குறைகள் எல்லாம் இருந்தும், நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நானும் கட்டணத்தை அடுத்த ஆறு மாதங்களுக்குப் புதுப்பித்துவிட்டேன்.

புதிய சேர்க்கை ஆனி மாதத்தில்தான். காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். வண்டி நிறுத்தத் தெருவில் இடம் குறைவு என்பதால் காரில் வராமல் இருப்பது நல்லது. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே உண்டு. ஏ3 அளவு அட்டையும் இரண்டு கிளிப்பும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவர வேண்டும். கிழக்குப் பக்கம், சன்னலை ஒட்டிய மூன்று நாற்காலிகளில் ஒன்றைப் பிடிக்க விரும்புகிறவர்கள் ஆறே முக்காலுக்கே வந்துவிடுவது நல்லது.